தேன்காரன் படத்தின் முடிவு

நம் வயதுக்காரர்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் படம். பனி மூடிய ஒரு பழத்தோட்டம், அதன் நடுவில் ஒரு பழைய வீடு, வீட்டுக்குப் பின்னால் வரிசையாகத் தேன்பெட்டிகள். விடுமுறைக்கு வந்த ஐந்தாறு இளவட்டங்கள் அந்த வீட்டில் தங்குவார்கள். தேன் எடுக்கிறவர்கள் போடும் வெள்ளை அங்கியும் முகத்தை மறைக்கும் வலையுமாக ஒருவன் நீளக் கத்தியோடு வந்து அவர்களை ஒவ்வொருவராகக் கொல்வான். எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அதற்குத் தேன்காரன் படம் என்று பேர்.

எண்பதுகள் தொடங்கிய புதிது. வீடியோ டெக்கையும் டீவியையும் வாடகைக்கு எடுத்துத் தோட்டந்தோட்டமாகப் படம் காட்டிய காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது பார்த்த படங்களெல்லாம் எனக்கு ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. முடிவைப் பார்க்காத இந்த ஒரு படம் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் அம்மாவின் கடைசித் தம்பி ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வேலை செய்தார். எனக்குச் சின்ன மாமா. கடையின் முன்பக்கம் துணிகள். ஒரு பூப்போட்ட திரைக்குப் பின்னால் இரண்டு டெக்குகளும், மரக்கதவு வைத்த ஒரு கறுப்பு வெள்ளை டீவியும், அலுமாரி நிறையக் கெசட்டுகளும். வாடகைக்குப் போகும் டெக்கோடு மாமாவும் போய்ப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு வருவார். திரும்பி வந்த டெக் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கக் கைக்கு அகப்படும் ஒரு கெசட்டைப் போட்டுப் பார்ப்பார். அப்படி அகப்பட்டதுதான் தேன்காரன்.

"பாட்டு இல்ல, சண்ட இல்ல, ஒருத்தனும் வாடகைக்குக் கேக்கல. அதனால அது எனக்கே சொந்தம் மாதிரி," என்பார். பதினொரு தரம் பார்த்திருந்தார்.

அந்த வருடத் தவக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். எனக்குப் பதினொரு வயது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்காருவார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் சடசடவென்று எரியும். அம்மா ரொட்டி தட்டுவாள். மாமா விரல்களை அகல விரித்து முகத்துக்கு முன்னால் வலை மாதிரி பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்குவார். விரல் இடுக்குகளுக்குள் அவர் கண்கள் மட்டும் நகரும். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு கொலைதான். அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடைக்காது.

"நோன்பு நாள்ல பேசற பேச்சா இது?" என்று அம்மா ஏசுவாள். ஆனால் ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத் திருப்ப மறந்து நிற்பாள்.

மாமா கதையை மட்டும் சொல்லவில்லை. அந்தப் படத்தை எப்படி எடுத்திருப்பார்கள் என்பதையும் சொல்லுவார். எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

"எடுத்தவன் கையில ஒண்ணுமே இல்ல புள்ள. ஒரு வீடு, ஒரு காரு, ஒரு வெள்ள அங்கி. அந்த ஒரே காரு மூணு தரம் வரும், மூணு பேரோடதுன்னு சொல்லிக்குவானுங்க. தேன்காரனோட சப்பாத்தப் பாரு, மொதல்ல நீட்டுச் சப்பாத்து, பொறகு கட்டச் சப்பாத்து. அப்படின்னா ரெண்டு பேரு மாறி மாறி நடிச்சிருக்கானுங்க. நம்ம தோட்டத்துல ஒருத்தன் பேருல இன்னொருத்தன் வேலைக்குப் போறதில்லையா, அந்த மாதிரி. மூஞ்சிதான் தெரியாதே."

"அப்ப அது மோசமான படமா மாமா?"

"யாரு சொன்னா? மூஞ்சி தெரியலன்னாத்தானே பயம். காசு இருந்திருந்தா அந்த மூஞ்சிக்கு ரப்பர்ல எதையாவது ஒட்டிக் காட்டியிருப்பான். நாமளும் சிரிச்சிட்டு வந்திருப்போம். இல்லாத கொறைக்கு வலையப் போட்டான், அது மனசுல நின்னுருச்சு. அந்தப் பனி இருக்கே, அது போட்ட பொக இல்ல. நெச மூட்டம். நம்ம ஊர்ல மாதிரி அதுவா வந்து எறங்கியிருக்கு. வர்ற வரைக்கும் கமராவ வச்சிக்கிட்டுக் காத்துக் கெடந்திருக்கான்."

படத்தில் ஒரு பெண் இருந்தாள். அந்த இளவட்டங்களுக்குச் சமைத்துப் போட வந்தவள். யாரும் அவளோடு பேச மாட்டார்கள், அவளும் பேச மாட்டாள். ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் அவள் மட்டும் மிஞ்சித் தேன் வைக்கும் அறைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். எனக்கு அவளைப் பற்றித்தான் கேட்க வேண்டும். நானும் அப்படிப்பட்டவள்தான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குவேன். அம்மா கொழுந்து எடுக்கப் போகாத நாட்களில் அவள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பிரம்பு இடுக்கு வழியாக எல்லாரும் எனக்குத் தெரிவார்கள். என் முகம் ஒருவருக்கும் தெரியாது. கூடைக்குள் பச்சைக் கொழுந்து வாசம் கசப்பாக அடிக்கும். அப்படி இருக்கும்போது நான் தேன்காரனா, ஒளிந்திருக்கும் அந்தப் பெண்ணா என்று எனக்கே தெளிவில்லை.

குருத்து ஞாயிறன்று மாமா அவளைத் தேனறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

"பொறகு?"

"முடிவ மட்டும் சொல்ல மாட்டேன். பாத்துத் தெரிஞ்சிக்க."

"எங்க போய்ப் பாக்குறது?"

மாமா அடுப்புக்குள் ஒரு குச்சியைத் தள்ளினார். "பாக்க முடியாதுதான். வர்ற சனிக்கிழம அந்தக் கெசட்டு மேல ஒரு கல்யாண வீடியோவப் பதியச் சொல்லிட்டாரு மொதலாளி. சும்மா கெடக்குதாம்."

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் பெரிய வெள்ளி.

எங்கள் தோட்டத்துச் சின்ன மாதா கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானபாடம் படிப்பிப்பது எல்லாம் உபதேசியார். உயரமான, சிரிக்காத மனிதர். அவருடைய ஒரே மகள் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டாள். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. நாங்கள் அவளைக் காம்பரா அக்கா என்போம். மாமாவுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி, உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த வாரம் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. உபதேசியாருக்கு அரைமனதுதான். படக்கடையில் வேலை செய்கிறவன் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

அவர் மனதை இளக்கத்தான் மாமா அந்த யோசனையைச் சொன்னார். ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய படம் ஒன்று கடையில் இருக்கிறது, பெரிய வெள்ளி பகல் அதைப் பிள்ளைக் காம்பராவில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறேன், முதலாளியும் சும்மாவே தருகிறார் என்றார். உபதேசியார் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். படம் வேற்றுமொழியில் இருப்பதால் தான் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லப் போவதாகவும் சொன்னார். அதற்காக வேதாகமத்தைப் படித்துக் கொப்பியில் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தார்.

பெரிய வெள்ளிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அன்று யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். வியாழன் மாலையே மரக்கறி வெட்டி, துவையல் அரைத்து, குசினிக் கத்தியைத் துணியில் சுற்றிக் கூரையில் செருகிவிடுவார்கள். ஆம்பிளைகளின் கவ்வாத்துக் கத்திகளும் பரணுக்குப் போய்விடும். ஆண்டவருடைய உடம்பில் காயம் பட்ட நாளில் நாம் எதையும் வெட்டக் கூடாது என்பாள் அம்மா. தேங்காய்கூட முதல் நாளே உடைத்துத் துருவியதுதான்.

மாமா டெக்கைக் கம்பளியில் சுற்றிப் பிள்ளையைப் போல முதுகில் கட்டிக்கொண்டார். பக்கத்து லயத்து அண்ணன் டீவியைத் தலையில் தூக்கினான். கெசட் பையை யார் கொண்டுவருவது என்ற பேச்சு வந்தபோது அம்மா என்னைக் காட்டினாள்.

"இதுகிட்ட குடு. வாய் செத்த புள்ள, எவன்கூடயும் பராக்குப் பாத்துக்கிட்டு நிக்காது."

நீல ரெக்சின் பை. உள்ளே இரண்டு கெசட்டுகள் இருந்தன. இரண்டுக்கும் மேலட்டை இல்லை, இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு. பாடுகள் படத்தின்மேல் மாமா ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டிப் பேனையால் சிலுவை போட்டிருந்தார். "டெக்கச் சோதிச்சுப் பாக்க மத்தது. சிலுவ போட்டதுதான் இன்னைக்கு," என்று சொல்லித் தந்தார்.

அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் குறுக்குப் பாதையில் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் நின்றேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஸ்டிக்கரின் ஒரு மூலை ஈரத்தில் தானாகவே எழும்பியிருந்தது. நகத்தால் தொட்டேன், முழுவதும் வந்துவிட்டது. அதை மற்றக் கெசட்டின்மேல் வைத்துப் பாவாடையால் அழுத்தினேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பிழை தெரிந்தால் நிறுத்திவிடுவார்களே என்றுகூடத் தோன்றவில்லை. அவள் தேனறையிலிருந்து வெளியே வருகிறாளா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு அதன்மேல் யாரோ தாலி கட்டிவிடுவார்கள்.

பிள்ளைக் காம்பராவின் ஜன்னல்களைக் கொழுந்துக்காரிகளின் கம்பளிகளாலும், இடுப்பில் கட்டும் சாக்குப் படங்குகளாலும் மூடியிருந்தார்கள். பகல் ஒரு மணிக்கே உள்ளே இருட்டு. நனைந்த கம்பளி வாசமும் புளித்த பால் வாசமும். பிள்ளைகளின் துணித் தொட்டில்களைச் சுருட்டி உத்திரத்தில் கட்டியிருந்தாள் காம்பரா அக்கா. தேயிலை அரைக்கும் ஸ்டோரிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். அந்த வயரில் ஓர் இணைப்பு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது. மாமா கெசட்டைப் போட்டுவிட்டு, டீவியில் வெளிச்சம் வந்ததும், அந்த இணைப்புக்குக் குடை பிடிக்க வெளியே போய்விட்டார்.

உபதேசியார் கையில் பிரம்போடு டீவிக்குப் பக்கத்தில் நின்றார். முன்னால் பெண்கள், பின்னால் ஆம்பிளைகள், எல்லார் கையிலும் செபமாலை.

படம் பனியில் தொடங்கியது. மரங்கள். பேச்சில்லை. தூரத்தில் வெள்ளை அங்கி உடுத்த ஒருவர், தலையிலிருந்து தோள்வரை வலை தொங்க, மரங்களுக்கு நடுவே தனியாக மெதுவாக நடந்து வந்தார்.

உபதேசியார் பிரம்பை உயர்த்தினார். "ஆண்டவர். ஒலிவத் தோட்டத்துக்கு வாறாரு. தலையில போட்டிருக்கறது அந்த நாட்டு முக்காடு."

பெண்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள். என் முன்னால் இருந்த கொழுந்துக்காரப் பெரியம்மா, எங்கள் மலையிலேயே மூத்த கை, முழங்காலில் நின்றாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லாரும் நின்றார்கள். நானும்.

"அந்தப் பொட்டியெல்லாம் என்னாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கல்லறைங்க."

பிறகு கார் வந்தது. அதற்குள் நாலு இளவட்டங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் கொப்பியைப் புரட்டினார்.

"சீடருங்க. ஆண்டவர் செபம் பண்ணயில தூங்கிட்டாங்க."

"காரு எப்படிங்க வந்துச்சு?"

உபதேசியார் பிரம்பால் திரையைத் தட்டினார். "இந்தக் காலத்து ஆளுங்களுக்கு வெளங்கறதுக்காக வச்சிருக்கு. பேசாமப் பாருங்க."

வெள்ளை அங்கிக்காரர் காருக்குப் பக்கத்தில் வந்தார். குனிந்து தூங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எழுப்பப் போறாரு," என்றார் உபதேசியார். அவர் குரல் தழுதழுத்திருந்தது. அங்கிக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. கையில் கத்தி.

அடுத்து நடந்ததைக் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தோம். கார்க்கண்ணாடியில் கறுப்பாக, பாகு போல ஏதோ வழிந்தது. "கித்துள் பாணியா அது?" என்று ஒரு பிள்ளை கேட்டது.  எல்லாரும் இன்னும் முழங்காலில்தான் இருந்தோம்.

டீவியின் அலறல் கேட்டு மாமா உள்ளே ஓடி வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்தார். உபதேசியாரைப் பார்த்தார். டெக்கில் கை வைத்தார்.

"நிறுத்து," என்றார் உபதேசியார்.

"நிறுத்தாத தம்பி." கொழுந்துக்காரப் பெரியம்மாவின் குரல். "முட்டி போட்டது போட்டாச்சு. அந்த ஓரத்துல நிக்கிதே ஒரு பொம்பளப் புள்ள, அது உசுரோட வருதான்னாவது பாத்துட்டு எந்திரிக்கிறோம்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "ஆமா தம்பி, ஓடட்டும்." "உபதேசியாரே, அந்தச் சீடன் செத்துட்டானா?" சிரிப்பு கூடியது. உபதேசியாரின் கையில் கொப்பி திறந்தபடியே இருந்தது. அவர் மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் விரல் பொத்தானின்மேல். அந்த விரலை அழுத்தியிருந்தால் மாமாவின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். எனக்கு அது இப்போது தெரிகிறது. அன்று நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அழுத்தக் கூடாது என்றுதான்.

மாமா கையை எடுத்துக்கொண்டார்.

உபதேசியார் மழையில் இறங்கிப் போனார். அவருடைய குடை சுவரில் சாத்தியபடியே இருந்தது. காம்பரா அக்கா அதை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கேயே நின்று திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அப்படி ஒரு கூட்டத்தை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. கத்தியே தொடாத நாளில், கூரையில் செருகிய கத்திகளுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு கத்தி நடமாடியது. "பின்னால வாறான், திரும்பு புள்ள," என்று ஆம்பிளைகள் திரைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்து ஒரு கவ்வாத்துக்காரர், "இவன் தொழில் தெரியாதவன், மணிக்கட்டு போயிரும்," என்றார். பனி வந்தால் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். நம் ஊர்ப் பனியேதான், மாமா சொன்னது உண்மை. அந்தப் பெண் தேனறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தியதும் பெரியம்மா செபமாலையைத் தொடங்கினாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கோயிலில் வாய்க்குள் முணுமுணுக்கிற செபம் அன்று சத்தமாக வந்தது. பேர் தெரியாத, பாஷை தெரியாத ஒரு பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லி எங்கள் தோட்டமே மாதாவைக் கேட்டது.

அவள் பீப்பாய்களுக்கு நடுவே குந்தியிருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். வெளியே சப்பாத்துச் சத்தம் நின்றது. அவள் எழுந்தாள்.

படம் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் அணைந்தது.

உபதேசியார் ஸ்டோருக்குப் போய்க் காவல்காரரிடம் சொல்லி வயரைக் கழற்றச் செய்திருந்தார்.

மாலையில் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து உபதேசியார் கேட்டார். சத்தம் போடவில்லை.

"வேணும்னுதானே செஞ்ச?"

"இல்லீங்க. கெசட்டு மாறிப்போச்சு."

"சிலுவ அடையாளம் போட்டிருந்துச்சுன்னு நீதானே சொன்ன. பைய யாரு கொண்டாந்தது?"

"எம் மகதான்," என்றாள் அம்மா. "அதுக்கு என்னாங்க தெரியும்? வாயே தொறக்காத புள்ள."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரி. தேனறையில் ஒளிந்தவள் மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தால் இதுவும் கடந்து போய்விடும் என்று நினைத்தேன்.

"நான்தாங்க மாத்திப் போட்டுட்டேன்," என்றார் மாமா. "கவனிக்கல."

"கவனிக்காதது ஒண்ணு. நிறுத்துன்னு சொல்லியும் கைய எடுத்தியே, அது?"

 பேசிவைத்த நிச்சயம் அன்றே நின்றுபோனது.

உபதேசியாரைக் கல்மனதுக்காரர் என்று எங்கள் வீட்டில் வெகுநாள் ஏசினோம். இப்போது அவர் வயதைத் தாண்டி நான் வந்துவிட்டேன். பெரிய வெள்ளியன்று ஊரையே ஒரு கொலைகாரன் முன்னால் முழங்காலில் நிறுத்தியவர் அவர். அன்றைக்குப் பிறகு அவர் செபம் சொல்லும்போது எங்கள் பக்கம் திரும்பியதே இல்லை. பீடத்தைப் பார்த்தபடியே சொல்லி முடிப்பார். அவருக்கும் அந்த ஒரு வரியை நான் கடன்பட்டிருந்தேன்.

மாமா ஹட்டன் கடையை விட்டுக் கொழும்புக்குப் போனார். அங்கிருந்து அரபு நாட்டுக்கு. திரும்பி வந்து கொழும்பில் பிந்திக் கல்யாணம் செய்தார், பிள்ளைகள் இல்லை. குசினியில் அந்தப் பலகை வெகுகாலம் சுவரில் சாத்திக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ரொட்டியைச் சரியான நேரத்தில் திருப்பினாள். ஒன்றும் கருகவில்லை.

காம்பரா அக்காவை றொசல்லப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஹட்டன் பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. நான் யாரென்று தெரிந்ததும் மாமாவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ள தப்பிச்சிருச்சா?" என்றாள்.

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. "தெரியலக்கா. கரண்ட் போயிருச்சே."

"அப்பாவுக்குக் கொடையக் கொண்டுபோய்க் குடுக்கணும்னுதான் வாசலுக்குப் போனேன். கால் நகரல." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "உங்க மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்கத்தான் முடியல."

மாமாவை நான் கடைசியாகப் பார்த்தது அம்மாவின் நினைவுப் பூசைக்கு அவர் வந்தபோது. நான் கல்யாணம் செய்து பட்டிப்பொலவுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பூசை முடிந்து, கொழும்பு ரயிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். பகல் பொழுதுதான், ஆனால் மூட்டம் இறங்கித் தண்டவாளம் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. மர வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். சீனியை வாயில் போட்டுக்கொண்டு குடிக்கிற பழைய பழக்கத்தை அவர் விடவில்லை.

"பாரு புள்ள," என்றார் மூட்டத்தைக் காட்டி. "செலவே இல்ல. தேன்காரன் வர வேண்டியதுதான் பாக்கி."

 இத்தனை வருடம் எடுக்காத பேச்சு. "நீங்க முடிவச் சொல்லவே இல்லயே மாமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பதினொரு தரம் பாத்தீங்களே."

"பதினொரு தரமும் அங்கதான் நின்னுச்சு. அந்தப் புள்ள எந்திரிச்சு வந்து தாழ்ப்பாள்ல கைய வைக்கும். அவ்வளவுதான். அதுக்குமேல டேப்பு இல்ல. எவனோ அறுத்து மிச்சத்த வீசிட்டு ஒட்டி வச்சிருந்தான்." கோப்பையை ஆட்டி அடியில் இருந்ததைக் குடித்தார். "உபதேசியார் வயரக் கழட்டலன்னாலும் இன்னும் ரெண்டு நிமிசந்தான் ஓடியிருக்கும்."

"அப்ப ஏன் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னா நீ கத கேக்க வந்து குந்தியிருப்பியா?"

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இல்லாத ஒரு முடிவுக்காகவா அந்த ஸ்டிக்கரைத் தொட்டேன்? பீலித் தண்ணீரின் சத்தம், பாவாடையில் ஒட்டிய பசை, அம்மா சொன்ன வாய் செத்த பிள்ளை, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. தூரத்தில் ரயில் ஊதியது. இப்போது இல்லாவிட்டால் இனி இல்லை.

"மாமா, ஸ்டிக்கர மாத்துனது நான்தான். அன்னைக்குக் கோயில் வாசல்ல நான் சொல்லியிருக்கணும்."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கொடி வைத்திருந்த ஸ்டேசன்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாமா கோப்பையை வாங்கின்மேல் வைத்தார். துவாயால் வாயைத் துடைத்தார்.

"கோணலா ஒட்டியிருந்த," என்றார். "நான் ஒட்டுனா நேரா இருக்கும்."

மூட்டத்துக்குள் ரயிலின் விளக்கு மஞ்சளாக வந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எப்ப பாத்தீங்க மாமா? டெக்குல போடறதுக்கு முந்தியா, பொறகா?"

கையை விடுவித்துக்கொண்டு ஏறினார். பெட்டிக்குள் இடம் பிடித்து ஜன்னலுக்கு வந்து கண்ணாடியை மேலே தள்ளினார்.

"முந்தியா மாமா?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன்."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். மூட்டம் ஜன்னலை மூடுவதற்கு முன் அவர் ஒரு கையைத் தூக்கி, விரல்களை அகல விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். இடுக்குகளுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன.